நாலு இழுப்புக்குப் பதில்

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இருபது வருஷத்துக்கு மேல் ஈரக் கயிறு பிடித்த விரல்கள், பேனாவைப் பிடித்தால் வளைவதில்லை. நான்காம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. எந்த இடத்தில் பெரிய ‘ற’ வரும் என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. நம் வாசகசாலையின் கையெழுத்துப் பத்திரிகையில் இதைப் பார்த்து எழுதப்போகிற தம்பி, பிழைகளைத் திருத்திக்கொள்ள வேண்டும். விஷயத்தை மட்டும் மாற்ற வேண்டாம்.

துறைமுகத்தில் எனக்கு லைன் பிடிக்கும் வேலை. அலை தடுக்கும் சுவருக்கு அடியில் கல் பிளாக்குகளைச் சரியாக உட்கார வைக்க டைவர் இறங்குவான். ரப்பர் டிரெஸ், செம்பு ஹெல்மெட்டு, ஈயச் செருப்பு. மேலே படகில் இரண்டு பேர் பம்பு சுற்றிக் குழாய் வழியாகக் காற்று அனுப்புவார்கள். அவன் இடுப்பில் கட்டிய கயிற்றின், அதாவது லைனின், மறுமுனை என் கையில் இருக்கும். அடியில் சேறு கலங்கிவிட்டால் அவனுக்குத் தன் கையே தெரியாது. பேச்சும் கேட்காது. எல்லாம் இழுப்புதான். ஒரு இழுப்பு என்றால் ‘நன்றாக இருக்கிறாயா?’ நாலு இழுப்பு என்றால் ‘மேலே வா.’ எத்தனை இழுப்பு வந்ததோ அத்தனை இழுப்பு அவன் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதுதான் பதில். பேசக் கூச்சப்படுகிற எனக்கு ஏற்ற வேலை.

என் டைவர் பெயர் கன்னியப்பன். ராயபுரத்துக்காரன். என் வயதுதான். சொந்தம் கிடையாது, ஆனாலும் என்னை மாமு என்றுதான் கூப்பிடுவான். என் பங்குக்கும் சேர்த்து அவன் பேசிவிடுவான்.

ஐரோப்பாச் சண்டை முடிந்த மறுவருஷம், ரங்கூனில் புதிதாகத் துறை கட்டுகிறார்கள் என்று ஆள் சேர்க்கும் கங்காணி ஒருவன் வந்தான். மூன்று வருஷ ஒப்பந்தம். டைவரும் லைன்காரனும் ஜோடியாக வர வேண்டும். கன்னியப்பன் அன்றே சரி என்றுவிட்டான்.

“மாமு, அங்க போனா நீ மேஸ்திரி. இங்க இன்னா கீது? தொரை உன் பேரக் கூட ஒழுங்கா சொல்ல மாட்டான். மாசிலாமணின்னு கூப்புட வாய் நோவுதாம், மேசைங்கறான்.”

“வூட்ல கேக்கணும்” என்றேன்.

“கேளு. ஆனா ஜல்தியா கேளு. நீ இல்லாம நான் எறங்க மாட்டேன், தெரியும்ல?”

வீட்டில் என் மனைவி தனகோட்டிக்கு ஐந்தாம் மாதம். அதற்கு முன் எங்களுக்கு இரண்டு குழந்தைகள் பிறந்தன. ஒன்று பத்து நாள் இருந்தது. இன்னொன்று அதுவும் இல்லை. அவளிடம் ரங்கூன் விஷயத்தைச் சொன்னபோது அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“நீ இன்னாய்யா நெனைக்கிறே?” என்றாள்.

“அம்மன் கிட்ட பூ போட்டுப் பாக்கலாம்னு கீறேன்.”

“பாரு. அம்மா சொன்னா நான் குறுக்க நிக்க மாட்டேன்.”

எங்கள் குப்பத்து எல்லையம்மன் கோயிலில் பூ கேட்பது வழக்கம். வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று, தனித்தனியாக இலையில் மடித்துக் கட்டி அம்மன் காலடியில் போடுவார்கள். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

சிவப்பு வந்தது.

கேள்வியைச் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். ‘வெளியூர்’ என்றுதான் வேண்டினேன், ரங்கூன் என்று ஊர் பெயர் சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ஊர் பெயரைச் சொல்லிக் கேட்டேன். மறுபடியும் சிவப்பு. பொட்டலம் இரண்டும் ஒரே அளவாக இல்லை என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அதற்கும் அடுத்த வெள்ளிக்கிழமை நானே அளவு பார்த்து மடித்தேன். வெள்ளை வந்தது.

“அம்மாவே அலுத்துப் போய் குடுத்துட்டா. போய்ட்டு வாடா” என்றார் பூசாரி.

வீட்டுக்கு வந்து, “வெள்ளை வந்துச்சு” என்று மட்டும் சொன்னேன். முதல் இரண்டைச் சொல்லவில்லை. தனகோட்டி, “அப்ப சரி” என்று சொல்லிவிட்டு என் வேட்டிகளைத் தைக்க எடுத்து வைத்தாள்.

இங்கே ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். எனக்கு ரங்கூன் ஆசை கிடையாது. மேஸ்திரி ஆசையும் இல்லை. மூன்றாவது குழந்தையையும் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போகும் தைரியம் எனக்கு இல்லை. ரங்கூனில் இருந்தால் கடிதத்தில் தெரிந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். அம்மனிடம் நான் கேட்டது வழி அல்ல, ஓடிப்போக அனுமதி.

கப்பலுக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஐப்பசி மாதத்தில், அது நடந்தது. காலையில் கடல் சாதுவாக இருந்தது. கன்னியப்பன் இறங்கி ஒரு பிளாக்கை உட்கார வைத்துக்கொண்டிருந்தான். பத்து மணிக்கு மேல் எண்ணூர்ப் பக்கம் வானம் கறுத்து, பெரிய அலை எழும்பத் தொடங்கியது. படகு நங்கூரக் கயிற்றை வெட்டி வெட்டி இழுத்தது. நான் நாலு இழுப்புக் கொடுத்தேன்.

பதில் இல்லை.

காற்றுக் குமிழிகள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. ஆள் நன்றாகத்தான் இருக்கிறான். மறுபடியும் நாலு இழுத்தேன். பதில் இல்லை. பம்பு சுற்றுகிறவன், “இன்னாண்ணே, தூங்கிட்டானா?” என்று கத்தினான். ஆளையே தூக்கிவிடலாம் என்று நான் காலை ஊன்றி, மூன்றாம் தடவையாக நாலு இழுத்தேன். அப்போதுதான் கீழேயிருந்து நாலு இழுப்பு வந்தது.

அவனைப் படகில் ஏற்றி ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் நங்கூரக் கயிறு அறுந்தது. படகு சுழன்று தூரமாக அடித்துக்கொண்டு போயிற்று. அவன் கீழே இருந்திருந்தால் காற்றுக் குழாய் கல் இடுக்கில் மாட்டி அறுந்திருக்கும்.

எனக்கு அவ்வளவு கோபம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

“ரெண்டு தபா இழுத்தனே, தெரியலயா உனுக்கு?”

“தெரிஞ்சுது மாமு. கல்லு இன்னும் ரெண்டு வெரக்கட நவுரணும். அத்த முடிச்சுட்டு வர்லாம்னு கம்முனு இருந்தேன்.”

“உனுக்குப் புடிச்சப்போ தான் பதில் குடுப்பியா? அப்ப லைன் இன்னாத்துக்கு? கட்டிகினு எறங்குறது இன்னாத்துக்கு?”

அதற்கு மேல் திட்டாமல் லைனைச் சுருட்டத் தொடங்கினேன். கன்னியப்பன், நான் அவனைத் திட்டி ஓய்ந்துவிட்டேன் என்று நினைத்தான். நான் பூக்களை நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கும் இரண்டு தடவை தெரிந்தது. நானும் கம்மென்று இருந்தேன்.

அன்று வேலை நிறுத்திவிட்டார்கள். மதியமே வீட்டுக்குப் போய்த் தனகோட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“ரெண்டு தபா செவப்பு தான் வந்துச்சு. உன்கிட்ட மறைச்சுட்டேன்.”

“தெரியும்யா” என்றாள். “பூசாரி பொஞ்சாதி தண்ணிக் கொயாய்ல சொல்லிச்சு. குப்பத்துக்கே தெரியும்.”

“அப்ப ஏன் கேக்கல?”

“நீயா சொல்றியான்னு பாத்துகினு இருந்தேன்.” பிறகு குரலை இறக்கி, “எனக்கும் பயமா தான்யா கீது. நான் எங்க ஓடுறது?” என்றாள்.

நான் போகவில்லை. கன்னியப்பனிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. “பொஞ்சாதி முந்தானையப் புடிச்சுகினு குந்து. லைன் புடிக்கற கை தான அது” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் வேறொரு லைன்காரனோடு கப்பல் ஏறினான். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. டைவர் இல்லாத லைன்காரனுக்குத் துறைமுகத்தில் இடமில்லை. என்னைப் பிளாக் வார்க்கும் யார்டுக்கு அனுப்பி, அச்சுப் பலகைக்கு எண்ணெய் பூச வைத்தார்கள். வேறு டைவர் வரும் வரை, எட்டு மாதம் அந்த வேலை. சிவப்புப் பூவை நம்பினேனே என்று மனம் சோர்ந்த நாட்களும் உண்டு.

மாசி மாதத்தில் ஒரு காலை, தனகோட்டிக்கு வலி எடுத்துக் குழந்தை திரும்பாமல் நின்றுவிட்டது. மருத்துவச்சி கையை விரித்தாள். நான் ஜட்கா வண்டி பிடித்துத் தனகோட்டியை ராயபுரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் அவள் என் கையைப் பிடித்திருந்தாள். வலி வரும்போதெல்லாம் ஒரு இழுப்பு. நானும் ஒரு இழுப்புக் கொடுத்தேன். மதியம் பெண் குழந்தை பிறந்தது. சற்று நேரம் கழித்துத்தான் அழுதது. கமலம் என்று பெயர் வைத்தோம்.

நான் இருந்ததால்தான் குழந்தை பிழைத்தது என்று எழுதமாட்டேன். முதல் இரண்டுக்கும் நான் கூடத்தான் இருந்தேன். கன்னியப்பனும் ரங்கூனில் கெட்டுப்போகவில்லை. மூன்று வருஷம் கழித்துக் காதில் கடுக்கனோடு வந்து, முதல் வேலையாக என் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். தெய்வம் முழு வழியையும் காட்டுவதில்லை. அடியில் இருக்கிறவனுக்குப் படகும் தெரியாது, வானமும் தெரியாது. லைனில் வருவது ஒரு இழுப்பு மட்டுமே. மேலே இருப்பவருக்குத் தெரியும் என்று நம்பிப் பதில் கொடுக்க வேண்டும். பிடிக்காத பதிலையும் ஏற்க மனம் இல்லாவிட்டால் கேட்கவே கூடாது. நான் கற்றது இவ்வளவுதான்.

கமலம் இப்போது எட்டாம் வகுப்புத் தேறிவிட்டாள். பட்டணத்தில் விடுதியில் தங்கி வாத்தியார் வேலைக்குப் படிக்க அனுப்பச் சொல்லி டீச்சரம்மா வந்து கேட்டார்கள். வயசுப் பெண்ணை வெளியே அனுப்புவதா என்று குப்பத்தில் பேச்சு. எனக்கும் பிரிய மனமில்லை. போன வெள்ளிக்கிழமை தனகோட்டியும் நானும் சேர்ந்து போய்ப் பூ கேட்டோம். ஒரே ஒரு தடவை.

இன்று காலை கமலத்தின் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டோல்கேட் வரை நடந்து பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். பஸ் நகரும் முன் அவள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் விரலைப் பிடித்து ஒரு தடவை இழுத்தாள். நானும் ஒரு தடவை இழுத்தேன்.

யுவ வருஷம், ஆனி மாதம் பத்தாம் தேதி.