அலுமாரிக்கு மேலே போன கோழிச்சட்டி

அண்ணா, அம்மாவை ஒரு வாய் கோழிக்கு ஏங்க வைத்துச் சாகவிட்டது நீங்கள்தான். சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெரியாது. ஊரில் இதை வாசிக்கிறவர்களும், என்னைப்போல ஊரை விட்டு வந்தவர்களும் விளங்கிக்கொள்ள முதலில் கோழியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் கனடாவில், எட்மன்டனில், ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் வேலை செய்கிறேன். இங்கே கோழி சமைக்கும் முறை விசித்திரமானது. எலும்பில்லாத தொடை இறைச்சியை ஸ்லோ குக்கர் என்கிற மின்சாரச் சட்டியில் காலையில் போட்டு மூடிவிடுவார்கள். தண்ணீர் விடுவதில்லை, கிளறுவதில்லை, திறந்தும் பார்ப்பதில்லை. பின்னேரம் இரண்டு முள்ளுக்கரண்டிகளால் அந்த இறைச்சியைத் தும்பு தும்பாகப் பிய்த்து, பார்பிக்யூ சோஸில் பிரட்டிக் கொடுப்பார்கள். எலும்பைக் கடித்து உறிஞ்சித்தானே நாங்கள் கோழி தின்று வளர்ந்தோம்? முதல் நாள் பார்த்தபோது, இதையும் கோழி என்பார்களா என்று நினைத்தேன். பிறகு சாப்பாட்டு மேசையைப் பார்த்தேன். பாதிப்பேருக்குப் பல் இல்லை. பல்லில்லாத வாய்க்கும் இறைச்சி கொடுக்க வேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். அன்றைக்கே, பல்லெல்லாம் விழுந்துபோன அம்மாவை நினைத்தேன்.

அம்மா சாம்பல்தீவுப் பக்கம், சல்லிக் கடற்கரையில் பிறந்தவர். மீன் இல்லாத சோற்றை அவர் சோறாகவே எண்ணியதில்லை. அப்பா போன பிறகு அண்ணா அவரைப் பாலையூற்றில் கட்டிய தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். கோயில் நிர்வாகசபையில் அண்ணாவுக்குத் தலைவர் பதவி கிடைத்ததும் வீட்டில் மச்சம் நின்றுபோனது. மீன், இறைச்சி, முட்டை, ஒன்றும் கூடாது. "மச்சம் காய்ச்சிற வீடு எண்டு தெரிஞ்சால் என்னை அந்தக் கதிரையில இருக்க விடுவினமோ?" என்று என்னிடம் கேட்டார். கதிரை அவருடையது. பட்டினி அம்மாவுடையது.

போன முறை லீவில் போனபோது கொழும்பில் ஒரு ஸ்லோ குக்கர் வாங்கிக்கொண்டு போனேன். இங்கேயிருந்து கொண்டுபோனால் அங்கத்தைய கரண்டுக்கு எரிந்துவிடும்.

"குசினிக்குள்ள ஏலாது. பின்னால கொட்டிலுக்க வைச்சு அவி. ரெண்டு கிழமைதானே, பொறுக்கிறன்," என்றார் அண்ணா.

ஜன்னலால் வயர் இழுத்துக் கொட்டிலில் சட்டியை வைத்தேன். சோஸை நானே காய்ச்சினேன். தக்காளியை அவித்துக் கடைந்து, வினாகிரி, சர்க்கரை, அரைத்த கடுகு, உள்ளிப்பூண்டு சேர்த்தேன். செத்தல் மிளகாயை நெருப்பில் கருக்கி இடித்துப் போட்டேன், புகை மணத்துக்கு. அண்ணாவின் மனைவி, என் மச்சாள், சீலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து எட்டிப்பார்த்தார்.

"காலமையில இருந்து மணக்குது. இன்னும் அவியேல்லையோ? உயிரோடயோ போட்டனீங்கள்?"

அம்மா கொட்டில் வாசலில் கதிரை போட்டு, சட்டிக்குக் காவல் இருப்பதுபோல இருந்தார். பிய்த்த கோழியைச் சோற்றில் வைத்துக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னடி இது, ஆரோ சப்பி வைச்சது மாதிரிக் கிடக்கு."

"வேண்டாமோ அம்மா?"

"நல்லாத்தான் சப்பியிருக்கினம். இன்னும் கொஞ்சம் போடு."

நான் நின்ற இரண்டு கிழமையும் அம்மா தட்டை வழித்துச் சாப்பிட்டார். புறப்படும் நாள் சட்டியைக் கழுவித் துடைத்து, வயரைச் சுற்றிக் கட்டினேன். விமான நிலையத்தில் அடையாளம் பிடிக்க என் பெட்டியில் கட்டியிருந்த பச்சை நாடாவில் பாதியை வெட்டித்தான் கட்டினேன். மச்சாளுக்குச் செய்முறை சொல்லிக் கொடுத்தேன். "நீ யோசிக்காமப் போ. கிழமைக்கு ஒருக்கா அவிச்சுக் குடுப்பம்," என்று அண்ணா வாசலில் நின்று சொன்னார்.

அதற்குப் பிறகு போன் எப்போதும் அண்ணாவின் கையில்தான் இருந்தது. என்ன சாப்பிட்டீங்கள் என்று அம்மாவைக் கேட்டால் அண்ணாவின் குரல் பதில் சொல்லும்: "பருப்பும் கீரையும். அம்மாவே மச்சம் வேண்டாமெண்டிட்டா." அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"இண்டைக்கு ஆருக்குக் கோழி பிய்ச்சனி?"

ஆங்கிலம் தெரியாத ஒரு கிழவனுக்கு, பிள்ளைகள் வந்து பாராத ஒரு கிழவிக்கு என்று நான் சொல்வேன்.

"அவைக்கு நல்ல காலம்," என்பார் அம்மா.

ஒரு நாள் பக்கத்து வீட்டுப் போனில் எடுத்தார். "சட்டி அலுமாரிக்கு மேல ஏறிட்டுது, மகள். நீ கேளாதை, அண்ணன் கோவிப்பான்." நான் கேட்டேன். அண்ணா கத்தினார். அடுத்த முறை அம்மாவே, "எனக்கு வேண்டாம் மகள்," என்றார். தொலைபேசித் திரையில் அவருடைய தோள் எலும்பு சட்டைக்கு மேலால் தெரிந்தது. பிறகு அம்மா செத்துப்போனார். செத்தவீட்டையும் அதே திரையில்தான் பார்த்தேன்.

எங்கள் பக்கத்தில் எட்டாம் நாள், செத்தவர் விரும்பிச் சாப்பிட்டதெல்லாம் சமைத்துப் படைப்பார்கள். மச்சமும் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் ஊர் கதைக்கும். ஊருக்குப் பயந்து மச்சத்தை நிறுத்திய மனிதர் ஊருக்குப் பயந்தே மச்சம் சமைத்தார். குடும்ப வட்சப் குழுவில் அண்ணா போட்ட வீடியோவில் குசினி அடுப்பில் நண்டு கொதித்தது. வாழையிலையில் இறால், பாரை மீன் குழம்பு, பொரித்த கோழிக்கால். பல்லில்லாத அம்மாவுக்குக் கோழிக்கால்! நடுவில் என்னுடைய சட்டி. எலும்போடு காய்ச்சிய கோழிக்கறியை அதற்குள் ஊற்றி வைத்திருந்தார்கள். வயரில் பச்சை நாடா அப்படியே இருந்தது. நான் போட்ட முடிச்சுக்கூட அவிழவில்லை. கீழே, "அம்மாவுக்குப் பிடிச்சதெல்லாம் வைச்சிருக்கிறம்," என்று எழுதியிருந்தார். சொந்தக்காரர் எல்லோரும் கை கூப்பும் படம் வைத்துக் கும்பிடு போட்டிருந்தார்கள்.

வேலையிடத்துக் குசினியில் அந்த வீடியோவைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, என்னோடு வேலை செய்யும் டெபி எட்டிப்பார்த்தாள். என்ன இது என்று கேட்டாள், செத்த அம்மாவுக்கு அண்ணா வைத்த படையல் என்று சொன்னேன்.

"அம்மாவுக்குப் பிடித்த எல்லாவற்றையும் உன் அண்ணா சமைத்திருக்கிறாரே! எவ்வளவு அன்பான மனிதர்!" என்று என்னைக் கட்டிப்பிடித்தாள். கோழி பிய்த்த முள்ளுக்கரண்டிகள் என் கையில் இருந்தன. அவளுக்கு விளக்க என்னிடமிருந்த ஆங்கிலம் போதவில்லை. "யெஸ்," என்றேன்.

நாடாவின் ஒரு பாதி இங்கே என் பெட்டியில் கிடக்கிறது. மற்றப் பாதி பாலையூற்றில். நான் நாளைக்கும் யாருடைய அம்மாவுக்கோ கோழி பிய்ப்பேன்.

அண்ணா, எனக்குத் தனியாகப் போன் எடுத்து அழ வேண்டாம். எடுத்தீர்கள், நான் தூக்கவில்லை. வழக்கம், முறை என்ற கதையும் வேண்டாம். வீடியோ போட்ட அதே குழுவில், கும்பிடு போட்ட அத்தனை பேரும் பார்க்க எழுதுங்கள். செத்த அம்மாவுக்கு நண்டு காய்ச்சிய குசினியில் உயிரோடு இருந்த அம்மாவுக்கு ஏன் ஏலாமல் போனது? அந்த முடிச்சை ஒரு நாளாவது அவிழ்த்தீர்களா? ஓமா, இல்லையா?