சாந்தாமணி வாயில் வந்த ஒரு சொல்

அமெரிக்காவில் ரிச்சர்ட்சன் ஊர்த் தமிழர்களுக்குச் சாந்தாமணியால் முதல் அதிர்ச்சி 1996-இல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, மற்ற பெண்கள் பட்டுப்புடவை மடிப்புக் கலையாமல் கோயிலுக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்த நேரம். இந்த அம்மாள் தலையில் ஹெல்மெட், முழங்கையில் ரத்தம், முதுகெல்லாம் சேறு என்ற கோலத்தில் பெட்ரோல் போடும் கேஸ் ஸ்டேஷனில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். காரின் பின்னால் ஒரு மவுண்டன் பைக் கட்டியிருந்தது. கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த காமாக்ஷி ஆன்ட்டி பதறிப்போய்க் காரை நிறுத்திவிட்டார்.

"ஐயயோ சாந்தா, யாராவது இடிச்சிட்டாங்களா? போலீஸுக்குக் கால் பண்ணட்டுமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க ஆன்ட்டி. ஏரிக்கரை டிரெயில்ல ரைடு பண்ணுனனுங்க. மூணு வாட்டி விழுந்துட்டேன். சூப்பரா இருந்துச்சு!"

விழுந்தது சூப்பராம்! காமாக்ஷி ஆன்ட்டி இதைப் பக்கத்து ஊரான பிளானோ வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

அவள் அப்படிப்பட்டவள்தான். உடுமலைப்பேட்டைப் பக்கத்துப் பெண். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் முடித்து, கல்யாணமாகி, டெலிகாம் கம்பெனிகள் வரிசையாக முளைத்துக்கொண்டிருந்த காலத்தில் ரிச்சர்ட்சனில் வந்து இறங்கியவள். யாரிடமும் உதவி என்று போய் நின்றதில்லை. வாஷிங் மெஷினைத் தானே பிரித்து மாட்டுவாள். மகள் தென்றல் பிறக்கும்போது வலியோடு ஃப்ரீவேயில் காரை ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவளும் அவளேதான். கணவர் திருமூர்த்தி பக்கத்து சீட்டில் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார்.

திருமூர்த்தி அவளுக்கு நேர் எதிர். டோல்வேயில், மெதுவாகப் போகிறவர்களுக்கான வலது லேனை விட்டு நகராத மனிதர். அவர் பைக் வாங்கியதே, தனியாக விட்டால் இவள் கையைக் காலை உடைத்துக்கொள்வாள் என்ற பயத்தில்தான். இறக்கம் வந்தால் இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தபடி ஊர்ந்து வருவார். கீழே காத்திருக்கும் மனைவி கடிகாரத்தைக் காட்டிக் கேலி செய்வாள். ஆனால் அவர் கூட வராத ரைடு அவளுக்கு ருசித்ததே இல்லை. இதை மட்டும் அவரிடம் அவள் சொன்னதில்லை.

1999 செப்டம்பரில் ஆபீஸ் வேலையாக அவளைத் தெற்கு பிரான்சுக்கு அனுப்பினார்கள். வேலை முடியும் சமயத்தில் திருமூர்த்தியும் லீவு போட்டு வந்து சேர்ந்துகொண்டார். தென்றல் காமாக்ஷி ஆன்ட்டி வீட்டில் இருந்தாள். இருவரும் வாடகைக்கு இரண்டு பைக் எடுத்துக்கொண்டு, சுண்ணாம்புப் பாறைப் பீடபூமி ஒன்றின் மேல் இருந்த ஒரு பண்ணை விடுதியில் தங்கினார்கள். அங்கே எங்கு பார்த்தாலும் வெள்ளைப் பாறை, முட்புதர், செம்மறி ஆடுகள். மனிதர்களைத்தான் தேட வேண்டும்.

விடுதிக்காரி நிக்கோல் நன்றாக ஆங்கிலம் பேசினாள். ஊர் எல்லைப் பலகையில் ஏன் இரண்டு பெயர் எழுதியிருக்கிறது என்று திருமூர்த்தி கேட்டார். ஒன்று பிரெஞ்சு, மற்றது எங்கள் சொந்த மொழியான ஒக்சிதான் என்றாள் அவள். 'ஆம்' என்பதற்கு இவர்கள் 'ஒக்' என்பார்களாம், அதனால் மொழிக்கும் அதே பெயர். பள்ளிக்கூடத்தில் அதைப் பேசினால் ஒரு காலத்தில் தண்டனை உண்டாம். இப்போது வயதானவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதோடு சரி.

"பாத்தியா அம்மிணி, பாரிஸ்காரன் இவங்களுக்கு டெல்லிக்காரனாட்ட. இவங்கெல்லாம் நம்மாளுங்க" என்று திருமூர்த்தி மனைவியிடம் சொல்லிப் பூரித்துப்போனார்.

மறுநாள் முற்பகல், பீடபூமி விளிம்பில் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று தார்ச்சாலை. மற்றது பள்ளத்தாக்குக்குள் செங்குத்தாக இறங்கும் ஆட்டுத்தடம்.

"ரோட்டுலயே போயிரலாம் அம்மிணி. கல்லெல்லாம் லூஸா இருக்குது."

"உங்களுக்கு டிரெயினிங் வீல் மாட்டிக் குடுக்கட்டுங்களா?"

அவர் சிரித்துக்கொண்டே அவள் பின்னால் இறங்கினார். அவள் பாதித் தூரம் போயிருப்பாள். பின்னால் கற்கள் சரியும் சத்தம் கேட்டது. அலறல் எதுவும் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால் தடத்தில் பைக் மட்டும் கிடந்தது. ஆள் இல்லை.

அவர் கீழே ஓடைப் பள்ளத்தில், மல்லாந்து கிடந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே, கால் திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. சாந்தாமணி சறுக்கி, புரண்டு, உள்ளங்கையும் முழங்கையும் சிராய்க்க அவரிடம் போய் விழுந்தாள். ரத்தம் அதிகமில்லை. அதனால் பயப்பட ஒன்றுமில்லை என்று முதலில் நினைத்துவிட்டாள்.

"என்ற பாதம் ஜில்லுன்னு இருக்குது சாந்தா" என்றார் அவர். "தொட்டியா? தொட்டது தெரியலியே."

தொட்டுக்கொண்டுதான் இருந்தாள். பையிலிருந்த அமெரிக்க செல்போனை எடுத்தாள். அந்த ஊரில் அது வேலை செய்யாது என்று டெலிகாம் இன்ஜினியரான அவளுக்கு நன்றாகவே தெரியும், ஆனாலும் எடுத்து அழுத்தினாள். பிறகு ஜாக்கெட்டை அவர் மேல் போர்த்தி, "இதா வந்தர்றேன், கண்ண மூடாதீங்க" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினாள்.

பீடபூமியின் மேல் பைக்கை வெறிபிடித்தவள் போல மிதித்தாள். ஒரு கல்வீடு தென்பட்டது. முற்றத்தில் நீல ஏப்ரன் கட்டிய ஒரு கிழவி கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். வாசற்படியில் தடியை ஊன்றியபடி ஒரு கிழவர் நின்றார். ஓரமாக ஒரு கொட்டகை.

"ஹெல்ப்! ப்ளீஸ்! ஆக்சிடென்ட்!" என்று கத்திக்கொண்டே சாந்தாமணி பள்ளத்தாக்குப் பக்கம் கையைக் காட்டினாள். ரத்தம் வழியும் அந்தக் கையைக் கிழவி உற்றுப் பார்த்தாள். கிழவர் தலையை ஆட்டி ஏதோ மறுத்துச் சொன்னார். கிழவிக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. முகத்தைச் சுளித்து, கையை வீசி, குரலை உயர்த்திக் கத்தினாள்.

"போடி! போடி!"

சாந்தாமணி அப்படியே நின்றுவிட்டாள். தன் காதையே அவளால் நம்ப முடியவில்லை. பிரெஞ்சுக்காரிக்குத் தமிழ் எப்படித் தெரியும் என்றெல்லாம் யோசிக்கிற நிலையில் அவள் இல்லை. வீசிய கையும், சுளித்த முகமும், அந்தச் சொல்லும் ஒன்றாகச் சேர்ந்து அவள் முகத்தில் அறைந்தன. சண்டை போடும்போதுகூட 'ங்க' போட்டுச் சண்டை போடுகிற ஊர்க்காரி அவள். பெற்ற அப்பாவும் அவளை 'வாங்க அம்மிணி' என்றுதான் கூப்பிட்டார். பிறந்ததிலிருந்து யாரும் அவளை இப்படி நாயை விரட்டுவது போல விரட்டியதில்லை. அதுவும் புருஷன் சாகக் கிடக்கிற நேரத்தில், வாழ்க்கையிலேயே முதல்முறையாக உதவி என்று ஒரு வாசலில் வந்து நின்றபோது!

அடிவயிற்றிலிருந்து அது கிளம்பி வந்தது.

"போடி! நீ போடி!"

கிழவி வாயைப் பிளந்து நின்றாள். பிறகு, கண்ணில் பார்த்திருக்காவிட்டால் சாந்தாமணி நம்பியிருக்கமாட்டாள், கிழவியின் முகம் மலர்ந்தது. கிழவரைத் திரும்பிப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தாள். வழியனுப்புவது போல இரண்டு கையையும் உயர்த்தினாள். சிரிக்கிறாளே பாவி என்று பல்லைக் கடித்துக்கொண்டு சாந்தாமணி பைக்கைத் திருப்பினாள்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாமே தப்பு. ஆட்டுத்தடங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்ததில் வழி தவறினாள். போன வழியே திரும்பினாள், மறுபடி தவறினாள். அந்தக் கல்வீட்டின் கூரை தூரத்தில் ஒருமுறை தெரிந்தது. அங்கே போவதற்குப் பதில் செத்துப்போகலாம் என்று வேறு பக்கம் மிதித்தாள். கடைசியில் ஒரு தபால் வேன் எதிரே வந்தது. ஹெலிகாப்டர் வந்து திருமூர்த்தியைப் பள்ளத்திலிருந்து தூக்கும்போது வெயில் சாய்ந்திருந்தது.

நகரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் நிதானமாக ஆங்கிலத்தில் விளக்கினார். முழங்காலுக்குப் பின்னால் ஓடும் ரத்தக்குழாய் நசுங்கிவிட்டது, பாதத்துக்கு ரத்தம் போகவில்லை, தசை செத்துப்போய்விட்டது. காலை எடுத்தால்தான் உயிர் மிஞ்சும். கொஞ்சம் முன்னதாகக் கொண்டுவந்திருந்தால் காலையும் காப்பாற்றியிருக்கலாம்.

கையெழுத்துப் போட்டாள். எடுத்துவிட்டார்கள்.

அதன் பின் சாந்தாமணியைத் தாங்கி நிறுத்தியது அந்தக் கிழவியின் மேல் இருந்த ஆத்திரம் ஒன்றுதான். காமாக்ஷி ஆன்ட்டியிடம் போனில் அழுதுகொண்டே சொன்னாள்: "ஹெல்ப் கேட்டுப் போனனுங்க ஆன்ட்டி. போடி போடின்னு தொரத்தி விட்டுட்டா அந்தக் கெழவி. மனுஷியா அவ?" மயக்கம் தெளிந்த திருமூர்த்தியிடமும் அதையே சொன்னாள். போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தபடி அவர் கேட்டுக்கொண்டார். தான் திருப்பிச் சொன்னதை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. அதில் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிக்கோல் வந்தாள். கூடவே அந்தக் கிழவியும் வந்தாள். கறுப்புக் கோட்டு, கையில் துணியில் சுற்றிய பாலாடைக்கட்டி. சாந்தாமணி ஆத்திரத்தோடு எழுந்தாள். "இவங்கள வெளிய போகச் சொல்லுங்க" என்று ஆங்கிலத்தில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அந்த அம்மாள் கட்டிலில் இருந்தவரின் கால் இல்லாத இடத்தைப் பார்த்துவிட்டாள். கையிலிருந்த பொட்டலம் கீழே விழுந்தது. முகத்தை மூடிக்கொண்டு விம்மி விம்மி அழத் தொடங்கினாள்.

"வழியெல்லாம் அழுதுகொண்டுதான் வந்தார்" என்றாள் நிக்கோல். "உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். அடிபட்டது உங்களுக்குத்தான் என்று நினைத்துவிட்டாராம். பள்ளத்தில் இன்னொருவர் கிடப்பது தெரியவே தெரியாதாம். டிராக்டரில் உங்களை ஊருக்குக் கொண்டுபோய் விடுகிறேன் என்றிருக்கிறார். கண் சரியாகத் தெரியாத நீ டிராக்டர் ஓட்டக்கூடாது என்று வாசற்படியில் நின்ற இவர் தம்பி தடுத்தாராம். அதற்குத்தான் இவர், என்னால் முடியும், என்னால் முடியும் என்று கத்தினாராம்."

சாந்தாமணிக்கு ஏதோ புரிய ஆரம்பித்தது. புரியாமலே இருந்துவிடக்கூடாதா என்றிருந்தது.

"முடியும்கிறதுக்கு இவங்க மொழியில என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

நிக்கோல் சொன்னாள். 'பொதி' என்பதற்கும் 'போடி' என்பதற்கும் நடுவில் ஓர் ஒலி. நிதானமாகக் கேட்டால் வித்தியாசம் தெரிந்தது.

"அப்போது நீங்களும் அதையே சொன்னீர்களாமே! இவர் மொழியிலேயே, என்னால் முடியும் என்று. வெளியூர்க்காரர் யாரும் இவரிடம் இந்த மொழியில் பேசியதே இல்லையாம். அந்தச் சந்தோஷத்தில் நம்பிவிட்டாராம். முடியும் என்கிறாளே, போகட்டும் என்று விட்டுவிட்டாராம். நம்பியது என் தப்பு, வண்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போயிருக்க வேண்டும் என்று இரவெல்லாம் தூங்காமல் புலம்புகிறார்."

டிராக்டர் அந்தக் கொட்டகையிலேயே இருந்திருக்கிறது. உதவி கையெட்டும் தூரத்தில் கிளம்பத் தயாராக நின்றிருக்கிறது. அதைச் சாந்தாமணி தன் வாயாலேயே விரட்டியிருக்கிறாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். இனி காலைப் பற்றிக் கேட்பார் என்று காத்திருந்தாள்.

"நீ சொன்னியா?" என்றார் அவர் தமிழில். அவர் முகத்தில் இருந்தது கோபமல்ல, திகைப்பு. "வயசுல இத்தன பெரியவங்களையா? போடின்னா சொன்னே?"

"ஆமாங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கிழவியின் பக்கம் கையைக் காட்டினார்.

"அந்தம்மா அழுவறாங்க பாரு. அவங்க மேல ஒரு தப்பும் இல்லைன்னு நீதான் சொல்லோணும். உள்ளதச் சொல்லிரு அம்மிணி."

சாந்தாமணி நிக்கோலிடம் சொன்னாள். அது அவருடைய மொழி இல்லை, என் மொழி. எங்கள் மொழியில் அது ஒரு பெண்ணை மரியாதையில்லாமல் விரட்டும் சொல். அவர் என்னை விரட்டுவதாக நினைத்து, நான் அவரை விரட்டினேன். நிக்கோல் திடுக்கிட்டுப் பார்த்தாள். இதை நான் சொல்லத்தான் வேண்டுமா என்று கேட்டாள். சொல்லுங்கள் என்றாள் சாந்தாமணி.

நிக்கோல் தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்தாள். அந்த அம்மாள் அழுகையை நிறுத்தினாள். வசவைப் பற்றி அவள் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு சாந்தாமணியின் முகத்தையே பார்த்தாள். பிறகு மெல்ல ஏதோ கேட்டாள்.

"அப்படியானால் அன்றைக்கு உன்னால் முடியவில்லையா, மகளே என்று கேட்கிறார்" என்றாள் நிக்கோல்.

சாந்தாமணியின் உதடு கோணிற்று. ஆங்கிலம் வரவில்லை.

"முடியலீங்க" என்றாள். "முடியலீங்க அம்மா."

நிக்கோல் மொழிபெயர்ப்பதற்குள் அந்த அம்மாள் எட்டி அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.