காணாமப் போன முப்பது வோல்ட்டு

தங்கமுத்தண்ணனை எங்க பக்கம் கணக்கு வயர்மேன்னுதான் சொல்லுவாங்க. திருச்செங்கோட்டுலருந்து நாமக்கல்லு வரைக்கும் எந்தக் கோழிப்பண்ணைன்னாலும் மொபெட்டுல வந்துருவாரு. வந்ததும் ஸ்க்ரூடிரைவரைத் தொட மாட்டாரு. மீட்டரு, பென்சிலு, ஒரு அட்டை. அம்பத்தாறு வயசுல பெருக்கிட்டும் வகுத்துட்டும் நிப்பாரு. அவசரத்துக்குக் கூப்பிட்டா நமக்கு ரத்தக்கொதிப்பு ஏறிப்போகும்.

போன கார்த்திகையில அப்படித்தான். விடியறப்ப எங்க பண்ணையில மூவாயிரம் குஞ்சு எறக்குனோம். எல்லாம் ஒரு நாள் குஞ்சு. மழை விடவே இல்லை. ஹீட்டரு எரியுது, சூடு பத்தல. குஞ்செல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு ஏறி மூலையில குமிஞ்சு, அடியில இருக்கறது நசுங்கிச் சாகுது. பத்து மணிக்குள்ள நாப்பது செத்துப்போச்சு. இன்னொரு ஹீட்டரு வாங்கி வெச்சு, மாட்டிக் குடுங்கண்ணான்னு அவரை வரச் சொன்னேன்.

மாட்டுனாரா? இல்லையே. எரியற ஹீட்டருகிட்ட மீட்டரை வெச்சாரு. எரநூறு வோல்ட்டு, ஏழரை ஆம்ப்ஸ். எரநூறை ஏழரையால வகுத்துட்டு, இருபத்தாறே முக்கால் ஓம்ஸுங்க, புது ஹீட்டருக்கும் கிட்டத்தட்ட இதுதான், உள்ள இருக்கற கம்பியில கோளாறு இல்லைன்னாரு. எரநூறையும் ஏழரையையும் பெருக்குனா ஆயிரத்தைநூறு வாட்டு. ரெண்டாயிரம் குடுக்க வேண்டிய ஹீட்டரு அது. குஞ்சு சாகறப்ப கணக்கென்ன கணக்குன்னு வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். படிச்ச திமிரான்னுகூடக் கேட்டேன். காதுலயே வாங்காம மெயின் போர்டுக்குப் போயிட்டாரு. அங்க வோல்ட்டு எரநூத்தி முப்பது இருந்துச்சு.

மறுபடியும் பென்சிலு. கொறைஞ்ச முப்பதை ஏழரையால பெருக்குனாரு. மனுசன் மூஞ்சி வெளுத்துப்போச்சு.

"அம்மணி, எரநூத்தி இருபத்தஞ்சு வாட்டு ஒயருக்குள்ளயே எரிஞ்சிட்டிருக்குது. எங்கயோ ஒரே எடத்துல. இன்னொரு ஹீட்டரு மாட்டுனா அந்த எடம் மூணு மடங்கு காயும். ஒயரு எந்த வழியாப் போகுது?"

ஒயரு தீவன ரூம்பு வழியாப் போகுது. அங்க கூரை வரைக்கும் காலிச் சாக்கு. சாக்கை ஒட்டுன கட்டில்ல என்ர ஊட்டுக்காரரு ராசு, கால் ஒடைஞ்சு மாவுக்கட்டோட கெடக்கறாரு.

அண்ணன் மெயினை எறக்கிட்டு ஓடுனாரு. ரெண்டு பேருமாச் சேர்ந்து கட்டிலோட அவரை வெளிய இழுத்தோம். சாக்கைத் தள்ளுனா ஒயர் ஜாயிண்டு. டேப்பு உருகி ஊத்திருக்குது. ஒட்டியிருந்த சாக்கு கருகி, ஓரமா புகைஞ்சிட்டிருக்குது. தண்ணியக் கொண்டாந்து ஊத்துனேன்.

ஆரு போட்ட ஜாயிண்டுன்னு அண்ணன் கேட்டாரு. பழைய வயர்மேனா இருக்கும்னு ராசு சொன்னாரு. நான் பேசாம இருந்திருக்கலாம். போன மாசம் ஒயரு அந்து போனப்ப, கடைக்குப் போகச் சோம்பப்பட்டு, கெடந்த அலுமினியத் துண்டை, சேரக்கூடாத செம்பு ஒயரோட முறுக்கி டேப்பைச் சுத்துனது நானு. அண்ணனைப் பேசுன பேச்செல்லாம் நெஞ்சுல வந்து நின்னுச்சு.

"நாந்தானுங்கண்ணா."

திட்டுவாருன்னு நின்னேன். திட்டல. புது ஒயரை இழுத்துக்கிட்டே பேசுனாரு.

"ஏழு வருசத்துக்கு முன்னால எடப்பாடிப் பக்கம் ஒரு கோழிக் கொட்டாயிங்க. அவசரம்னாங்க. கணக்குப் போடாம ரெண்டாவது ஹீட்டரை மாட்டிட்டு வந்துட்டேன். சாயங்காலம் கொட்டாயே எரிஞ்சுபோச்சு. கரண்டு கோளாறுன்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க. நானும் ஆமான்னுட்டேன். நாந்தான்னு இன்னைக்குத்தான் அம்மணி வாய்விட்டுச் சொல்றேன்."