மீட்டருக்குப் பூ

திண்டிவனத்தில் பழைய வண்டிகளை விற்றுத் தரும் அந்தத் தரகர் நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தார். பேசும்போதெல்லாம் தோள்துண்டால் வேனின் கதவைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

விழுப்புரத்தில் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடும் என் தங்கை மகனுக்கு வண்டி பார்க்க அவனோடு போயிருந்தேன். வண்டி வழியில் நின்றால் மாவு புளித்துவிடும். கடைக்காரர்கள் வேறு ஆள் பார்த்துவிடுவார்கள். அதனால் ஆர்.சி.யிலிருந்து இன்சூரன்ஸ் வரை ஒரு வரி விடாமல் படித்தேன். எல்லாம் சரி. மீட்டர் மட்டும் தெரியவில்லை. பக்கத்தில் சாமி படம் ஒன்றைச் சாய்த்து, மீட்டர் மறையக் கனகாம்பரம் சுற்றியிருந்தது.

“பூவை எடுங்க.”

“சாமிக்குப் போட்டது சார். பூஜ பண்ணிக்கினு இப்பத்தான் வச்சேன்.”

“வேணாம் மாமா, உடுங்க” என்று தங்கை மகன் என் கையைப் பிடித்தான். நானே எடுத்தேன். மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது.

“கம்மியா ஓடின வண்டின்னீங்களே?”

கோபம் அவருக்குத்தான் வந்தது. “மத்தவன்லாம் மீட்டரையே திருப்பிடறான் சார். நான் அதுல கை வச்சேனா? பூ தானே வச்சேன்?”

மீட்டரைத் திருப்பினால் யாருக்கு, எப்படிப் புகார் எழுதுவது என்று எனக்குத் தெரியும். பூ வைத்ததை எப்படி எழுதுவது?

வண்டி வேண்டாமென்று கிளம்பினோம். அவர் பூவை உதறி அதே இடத்தில் வைத்தார். அடுத்து வந்த கணவனும் மனைவியும் செருப்பைக் கழற்றிவிட்டு வண்டியைக் கும்பிட்டார்கள். அவரும் சேர்ந்து கும்பிட்டார், கண்களை மூடி, மனதாரத்தான்.