இடது பக்கப் பெட்டி

இரண்டரை மாதம் நாங்கள் ஒரு ஸ்பீக்கரைப் பழுதுபார்த்தோம். பழுது ஸ்பீக்கரில் இல்லை, ஒரு மனிதரின் காதில் இருந்தது. முக்கியமானதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று பத்திரிகையில் பழகியவன் நான்; சொல்லிவிட்டேன். அது தெரியவந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை.

சென்னையில் வேலையை விட்டபின், வல்லக்கோட்டைக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் ஒரு வீட்டின் மாடிக்கு வாடகைக்கு வந்தேன். கீழே வீட்டுக்காரரும் அவர் மனைவியும். அவர் குடும்பத்து நெல்வயல் தொழிற்பேட்டைக்குப் போய்விட்டது. வீட்டுக்காரர், கார்களுக்கு உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் மெஷினில் பதினோரு வருடமாக நிற்கிறார். வயது முப்பத்தாறு.

ஸ்பீக்கர்கள் மண்ணூரில் கிடைத்தன. ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும் கொரிய, ஜப்பானிய மேலாளர்களின் வீட்டுச் சாமான்களை மொத்தமாக எடுத்து விற்கும் கடை. அரிசி குக்கர்களுக்கும், இந்த ஊரில் யாருக்கும் தேவைப்படாத பனிக்காலக் கோட்டுகளுக்கும் பின்னால் இரண்டு மரப்பெட்டிகள் இருந்தன. முன்துணியில் ஒரு கிழிசல்கூட இல்லை. துணியைக் கழற்றி, ஒலி எழுப்பும் காகிதக் கூம்பை விரலால் மெல்ல அழுத்தினேன். சீராக உள்ளே போய் வெளியே வந்தது. என்னிடம் இருந்த பழைய ஆம்ப்ளிஃபயருக்கு இவை போதும் என்று தோன்றியது.

வீட்டுக்காரர் பெட்டிகளைப் பார்த்ததும் எனக்கும் மேலாக உற்சாகமாகிவிட்டார். இரும்புக் குழாயில் ஸ்டாண்டு வெல்டிங் வைத்து, உள்ளே மணல் நிரப்பி, பெட்டிகளை அதன்மேல் போல்ட் போட்டு முறுக்கினார். "பூகம்பம் வந்தாலும் ஆடாது சார்" என்றார். உண்மை. அதற்குப்பின் அவற்றை நகர்த்த யாருக்கும் மனம் வரவில்லை.

ஒயர் மாட்டி, நடுவில் நாற்காலி போட்டு, அவரை உட்காரவைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பாட்டு பாதி போகும்போது கையைத் தூக்கினார்.

"லெஃப்ட்டு டல்லா கீது சார்."

எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டன. ஆனால் எனக்கு ஐம்பத்தெட்டு வயது. அவரோ, மெஷின் அடிக்கும் சத்தத்தை வைத்தே அச்சு தேய்ந்திருப்பதைச் சொல்லிவிடுவார் என்று ஷிஃப்டே மெச்சும் ஆள். அவர் காதை நம்பினேன்.

ஆம்ப்ளிஃபயரின் பின்னால் ஒயர்களை இடம் மாற்றினோம். அப்போதும் இடதுதான் மந்தம் என்றார். ஆக, ஆம்ப்ளிஃபயரில் கோளாறில்லை, பெட்டியில்தான் என்று முடிவு கட்டினோம். இடது பெட்டியைத் திறந்தோம். கூம்பைச் சுற்றியிருந்த ஸ்பாஞ்ச் வளையம் விரல்பட்டதும் பொடிந்தது. சென்னை ரிச்சி தெருவில் புது வளையம் வாங்கிவந்து ஒட்டினோம். "கொஞ்சம் தேவல" என்றார். மறுநாள், "இன்னும் டல்லுதான்." உள்ளே இருந்த கெப்பாசிட்டரை மாற்றினோம். உச்ச ஒலிக்கான சின்ன ஸ்பீக்கரையே மாற்றினோம். ஒவ்வொரு தடவையும் அதே நாற்காலி, அதே பாட்டு, அதே தீர்ப்பு.

அவர் மனைவி மாடிப்படியில் நின்று சிரிப்பார். "பொட்டி டல்லுன்றதுலாம் நல்லா கண்டுபுடிப்பாரு சார். நான் கூப்ட்டா மட்டும் காது கேக்காது. அம்மா வூட்டுக்குப் போறேன்னு சொல்லிப் பாத்தேன், அப்பவும் திரும்பல."

"அது கேட்டுச்சு. அதான் திரும்பல" என்பார் அவர்.

நானும் சிரித்தேன். இரண்டு பேரைக் கேட்காமல் ஒரு வரிகூட அச்சுக்கு அனுப்பாதவன், இங்கே ஒரே ஒரு காதின் சாட்சியை வைத்துக்கொண்டு ஒரு பெட்டியைப் பிரித்துப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தேன்.

ரிச்சி தெருக் கடைக்காரர்தான் மூன்றாம் தடவை போனபோது எரிச்சலோடு கேட்டார்: "பெட்டியையே இடம் மாத்திப் பாத்தீங்களா, இல்லியா?"

இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை போல்டுகளைக் கழற்றினோம். வலது பெட்டி இடதுக்கு வந்தது, இடது வலதுக்குப் போனது. அவர் மனைவி எங்களுக்கு டீ எடுத்துவந்து அங்கேயே நின்றார். வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பாட்டைப் போட்டேன்.

"இப்பவும் லெஃப்ட்டுதான் சார் டல்லா கீது."

இப்போது இடப்பக்கம் இருந்த பெட்டியை நாங்கள் பிரித்ததே இல்லை.

நான் அவரை நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டி உட்காரச் சொன்னேன். ஏதோ வேடிக்கை என்று நினைத்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத் தலையைத் திருப்பி, இப்போது அவருக்கு இடப்பக்கமாகிவிட்ட மற்றப் பெட்டியைக் காட்டினார்.

"இன்னா சார் இது? இப்போ அது டல்லாயிட்ச்சு!"

அவர் இன்னும் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவிக்கு முதலில் புரிந்தது. பாட்டை நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினார். கணவரின் இடது தோளுக்குப் பின்னால் போய் நின்று, சாதாரணக் குரலைவிடக் கொஞ்சம் தாழ்த்தி, "இன்னாங்க" என்றார். அவர் அசையவில்லை. "டீ ஆறுதுங்க." அசையவில்லை. வலப்பக்கம் வந்து அதே குரலில் சொன்னார்.

"குடிக்கிறேன்மே, இரு" என்றார் அவர்.

அந்த அம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டார். "நாலு வருசமா திமிருன்னு நெனச்சு சண்ட போட்டுகினு இருந்தேனே" என்றார், யாரையும் பார்க்காமல்.

நான் கேட்டேன்: வேலையில் காதுக்கு ஒன்றும் போடுவதில்லையா? ஞாயிற்றுக்கிழமையும் கழற்றாமல் கழுத்தில் தொங்கவிட்டிருந்த ஆரஞ்சுக் கயிற்றைத் தூக்கிக் காட்டினார். இரண்டு முனையிலும் காதடைப்பான். ஒன்று எண்ணெயும் அழுக்குமாகக் கறுத்திருந்தது. மற்றது கம்பெனி கொடுத்த அன்று இருந்த மாதிரியே இருந்தது.

"ரைட்டுல போட்டுப்பேன் சார். லெஃப்ட்டுல எப்டி போடறது? தகடு லெஃப்ட்டுலேர்ந்துதான் வரும். தர்றவன் 'ஓகே'ன்னு கத்தினாதான் நான் பட்டன அழுத்தணும். அது கேக்கலன்னா கை பூடும்."

"எத்தனை பேர் இப்படி?"

"லைன்ல எல்லாரும்தான்."

அந்தக் கயிற்றை நான் தினமும் பார்த்திருக்கிறேன். மாலையில் அவர் கேட்டைத் திறக்கும்போது ஒன்று கறுப்பு, ஒன்று ஆரஞ்சு. கண்ணில் பட்டதை விடமாட்டேன் என்று முப்பது வருடம் பெருமை பேசியவன் அதை ஒருநாளும் கேட்கவில்லை.

வீட்டுக்காரர் நம்ப மறுத்தார். அடுத்த தெருவில் அறை எடுத்துத் தங்கியிருந்த, லைனில் அவருக்கு வலப்பக்கம் நிற்கும் திருநெல்வேலிக்காரரை போனில் அழைத்தார். போனை வலது காதில் வைத்தார். எப்போதும் அந்தக் காதில்தான் வைப்பார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வந்தவருக்கு நாங்கள் எதுவும் சொல்லவில்லை. நாற்காலியில் உட்காரவைத்துப் பாட்டைப் போட்டோம்.

"நல்லா இருக்கு அண்ணாச்சி" என்றார் அவர். "இந்த இடது பொட்டி மட்டும் சத்தம் கம்மியாட்டு கேக்கு. அதுல ஏதும் பழுதாக்கும்?"

வீட்டுக்காரர் எழுந்துபோய் ஆம்ப்ளிஃபயரை அணைத்தார். அவர் முகத்தில் அப்போதுதான் பயம் வந்தது.

மறுவாரம் காது டாக்டர் அவருக்குக் கேட்கும் அளவைக் கோடாக வரைந்த ஒரு தாளைக் கொடுத்தார். இரண்டு கோடுகள். வலதுக்கான கோடு கொஞ்சம் சரிந்து போனது. இடதுக்கான கோடு பாதியில் கிணற்றில் விழுந்தது. போனது வராது, இருப்பதைக் காப்பாற்றலாம், இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள் என்றார் டாக்டர். "அப்போ கை?" என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு, அதைக் கம்பெனியில் கேளுங்கள் என்றார் டாக்டர்.

பதிலை லைனில் அவர்களே கண்டுபிடித்தார்கள். தகடு தருபவர் கத்துவதற்குப் பதிலாகக் கையை நெஞ்சுக்கு நேரே தூக்கிக் காட்டுகிறார். அதைப் பார்த்தபின்தான் பட்டன். ஒவ்வொரு தகட்டுக்கும் தலையைத் திருப்ப வேண்டியிருப்பதால் எண்ணிக்கை குறைந்தது. சூப்பர்வைசர், "இன்னாய்யா, லைன்ல டான்ஸ் ஆடிகினு கீறீங்க?" என்றாராம். அந்தக் கோடு போட்ட தாளை அவரிடம் நீட்டியிருக்கிறார்கள். அவர் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம். அவரும் அதே லைனில் ஐந்து வருடம் நின்றவர்.

இப்போது ஞாயிறுகளில் வீட்டுக்காரர் வந்தால், இடது பெட்டி கூடுதலாக ஒலிக்கும்படி பேலன்ஸ் குமிழை இடப்பக்கம் திருப்பி வைக்கிறேன். எனக்குப் பாடுபவர் இடப்பக்க ஜன்னல் ஓரமாக நகர்ந்துவிடுகிறார். அவருக்கு நேர் நடுவில் நிற்கிறார். அவர் மனைவி அவருக்கு வலப்பக்கத்தில் உட்காருகிறார்.

மற்ற நாட்களில், வேலை முடிந்து அவர் வந்து வண்டியை நிறுத்தியதும் அந்த அம்மாள் வாசலிலேயே நின்று கையை நீட்டுகிறார். அவர் கழுத்துக் கயிற்றைக் கழற்றிக் கொடுக்கிறார். மனைவி இரண்டு முனையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். இரண்டும் கறுப்பாக இருந்தால்தான் உள்ளே விடுகிறார்.