மாமாவுக்கு ஒரு இலை

என் அக்கா சுலோசனா நகரியில் பிறந்து திருச்சானூருக்கு வாழ்க்கைப்பட்டவள். கோயில் பக்கம் டிபன் கடை. சண்டையைத் தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடிப்பாள், இதுவரை தோற்றதில்லை. அவளே குழம்பி நின்றதை இந்த வருஷம்தான் பார்த்தேன்.

அவள் புருஷன் தாமோதரன் மாமா ஷேர் ஆட்டோ ஓட்டினார். போன வருஷம் நெஞ்சுவலியில் போய்விட்டார். மகன் யஸ்வந்துக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. அப்பா அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களை எல்லாம் சேர்த்து, அவரைப் போலவே பேசுகிற ஒன்றைச் செய்து அம்மாவின் போனில் போட்டுக் கொடுத்தான்.

"நைனா எங்கயும் போவலம்மா. நாளைக்கு ரோபோ உடம்பு வந்துச்சுன்னா அதுல ஏத்திக்கலாம்" என்றான்.

அந்த உடம்புக்கு முட்டிவலி வருமா என்று அக்கா கேட்டாள். வராதாம். அப்படியானால் அது மாமாவே இல்லை என்று எனக்குப் பட்டது. ஆனால் தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் மூக்கை நுழைத்தால் உடைவது நம் மூக்குதான். அக்காவும் போனோடு சிரித்தாள், சண்டை போட்டாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

வருஷத் தெவசம் வந்தது. இருக்கிறவருக்கு எதற்குப் படையல் என்று யஸ்வந்த் தடுத்தான். செத்தவருக்கு இலை போடாவிட்டால் பசியோடு அலைவார். உயிரோடு இருப்பவருக்குப் போட்டால் ஆகாது. எது சரி என்று தெரியாமல் அக்கா என்னை வரச் சொன்னாள். நான் போனபோது போனை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நாளைக்குத் தெவசம். இன்னா கொழம்பு வெக்கட்டும்?" என்று அதனிடமே கேட்டாள்.

"கருவாட்டுக் கொழம்பு வை," என்றது மாமாவின் குரல். "தெவசம் யாருக்கு?"

அக்கா என்னைப் பார்த்தாள்.

கருமாதியன்று அவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடிப் புடவை போட்டவன் நான். அதன் பிறகுதான் தாலியை எடுத்தார்கள். அந்தப் புடவையைப் பெட்டியிலிருந்து கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

"அவரு இருக்காருன்னா இத்த எடுத்துக்கினு போ, தணிகை. இல்லன்னா இதுல பேசறது யாருன்னு சொல்லு."

புடவை மடியிலேயே கிடந்தது.

"சுலோ, சத்தத்தையே காணோம்," என்றது போன். "துன்னியா?"

"இன்னும் இல்ல," என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நீங்க துன்னீங்களா?"