ஐயப்பன்தாங்கல் வீட்டை விற்றேன்

ஆவடியில் அண்ணன் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், எதிர்வீட்டு அம்மா என் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்து குங்குமம் நீட்டினார். "கவலப்படாதம்மா, வேற வேல கெடைக்கும்" என்றார். எனக்கு வேலை போகவில்லை. ஐம்பத்தைந்து வயதில் நானாகவே ஓய்வுபெறப் போகிறேன் என்றுதான் அண்ணியிடம் சொல்லியிருந்தேன். அந்தச் செய்தி தெருவைக் கடப்பதற்குள் இப்படி ஆகிவிட்டது. வட இங்கிலாந்தில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனை ஆய்வகத்தில் இதையே சொன்னபோது எல்லோரும் கைதட்டினார்கள். என்னோடு பதினைந்து வருடம் வேலை பார்த்த ஜேனட், கேக் செய்து எடுத்து வந்து "லக்கி யூ" என்று கட்டிக்கொண்டாள்.

எதிர்வீட்டு அம்மாவைக் குறை சொல்ல முடியாது. நாங்கள் வளர்ந்தது பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில். அங்கே ஓய்வு என்பது தேதி. அறுபதாவது வயது முடியும் மாதத்தின் கடைசி நாள் மாலை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்து, ஜீப்பில் கொண்டுவந்து வீட்டில் விடுவார்கள். அடுத்த மாதத்திலிருந்து பென்ஷன். அப்பாவுக்கு அப்படித்தான் நடந்தது. அதே தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த அண்ணனுக்கும் இன்னும் சில மாதத்தில் அப்படித்தான் நடக்கப்போகிறது. ஓய்வுபெற எவ்வளவு பணம் வேண்டும் என்று அப்பா ஒருநாளும் யோசித்ததில்லை.

நான் இரண்டு வருடமாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். இருபத்தேழு வருடம் மைக்ரோஸ்கோப்பில் குனிந்த கழுத்து, இனி முடியாது என்று சொல்லிவிட்டது. வேலைப் பென்ஷனை இப்போதே வாங்கிக்கொள்ளலாம். ஆனால் முன்கூட்டி எடுத்தால் ஆயுள் முழுக்கக் குறைத்துத்தான் தருவார்கள். அரசாங்கப் பென்ஷன் அறுபத்தேழு வயதில். அதையும் இந்தியாவில் உட்கார்ந்து வாங்கினால் முதல் மாதம் வந்த தொகைதான் சாகும்வரை. விலைவாசிக்கு ஏற்றபடி உயர்த்த மாட்டார்கள். இதற்கு நடுவில் இங்கிலாந்து வீட்டின் கடன் இன்னும் ஒன்பது வருடம் பாக்கி. வட்டி வேறு ஏறியிருந்தது. பஸ் ஓட்டும் என் கணவருக்கு வேலையை விடவும் விருப்பமில்லை, ஊர் திரும்பவும் விருப்பமில்லை. மகளும் பேரனும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறார்கள்.

யோசனை கேட்கப்போன நிதி ஆலோசகர், இளைஞர், "உங்கள் முதன்மையான வீடு எது?" என்று கேட்டார். நான் உடனே பதில் சொல்லவில்லை. ஆங்கிலம் புரியவில்லை என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. அதே கேள்வியை ஒவ்வொரு சொல்லாக, சற்று உரக்க, மறுபடி கேட்டார். கடைசியில் அவர் போட்ட கணக்கு எளிமையானது. இப்போதே ஓய்வு வேண்டுமென்றால் இரண்டு வீடுகளில் ஒன்றுதான் மிஞ்சும். திரும்பி வந்து இருப்பதற்கென்று பதினான்கு வருடத்துக்கு முன் ஐயப்பன்தாங்கலில் வாங்கிய ஃபிளாட்டை விற்கத்தான் வந்தேன்.

அதில் பன்னிரண்டு வருடமாகக் குடியிருப்பவர் தனபால். பாடியில் ஒரு தொழிற்சாலையில் லேத் வேலை பார்த்தவர். மனைவி வசந்தா, இளைய மகள் கயல். நான் போனபோது வசந்தா காபியோடு வந்து உட்கார்ந்தார். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல், "நான் வேலைய விடப்போறேன்க்கா" என்றேன்.

"ஐயையோ, இன்னாம்மா சொல்ற! தூக்கிட்டாங்களா?"

"இல்லக்கா, நானாதான் விடறேன். விருப்ப ஓய்வு."

தனபால் தலையை ஆட்டினார். "என்கிட்டயும் விருப்பம்னுதாம்மா சொன்னாங்க. லிஸ்ட்ல பேர எழுதிக்கினு வந்து, விருப்பமான்னு கேட்டாங்க. நாப்பத்தொம்போது வயசு எனுக்கு. மொத்தமா வந்த துட்டு பெரியவ கல்யாணத்தோட பூட்ச்சி. இப்ப வர்ற பென்ஷன் கரண்டு பில்லுக்கும் மருந்துக்கும் சரியா கீது. அதான் வாட்ச்மேன் வேலைக்குப் போறேன்."

அவருடைய விருப்பமும் என்னுடைய விருப்பமும் வேறு என்று விளக்கப் பார்த்தேன். அவர்கள் கேட்கவில்லை. இருவரும் சமையலறைக்குள் போய் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். திரும்பி வந்த தனபால் உட்காராமல் நின்றபடியே, "வாடகைல ரெண்டாயிரம் ஜாஸ்தி குடுக்குறோம்மா. உனுக்கு ஒரு வழி பொறக்கற வரிக்கும். பழைய வாடகையே இத்தினி வருசமா ஏத்தாம உட்டுட்ட நீ" என்றார்.

அதற்கு மேல் தள்ளிப்போட முடியவில்லை. வீட்டை விற்கப்போகிறேன் என்று சொன்னேன். சொன்னபோது என் குரல் ஆய்வகத்தில் ரிசல்ட் சொல்லும் குரல் போல இருந்தது. வசந்தா என் காபி டம்ளரை எடுத்தார். அதில் பாதி அப்படியே இருந்தது. "எப்ப காலி பண்ணணும்?" என்று மட்டும் கேட்டார்.

அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை செய்யும் கயல் அப்போதுதான் வந்தாள். வாசலிலேயே விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல், "எவ்ளோக்கு விக்கிறீங்க ஆன்ட்டி?" என்றாள்.

"உனுக்கு இன்னாத்துக்குடி அது?"

"லோன் போடலாம்ப்பா."

"இருவது வருசம் கட்டணும்டி!"

"வாடகையும் இருவது வருசம் கட்டத்தானப்பா போறோம்?"

தனபால் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். தரகர் இல்லாததால் தரகுத் தொகையை விலையில் குறைத்தேன். இன்னும் கொஞ்சம் குறைத்திருக்கலாம் என்று படிக்கிறவர்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. குறைத்தால் இங்கிலாந்துக் கடன் முழுதாக அடையாது. குறைக்கவில்லை.

வங்கி ஆறு வாரத்தில் கடன் கொடுத்தது. கயலுக்கு வயது இருபத்தேழு. "நாப்பத்தேழுல முடிஞ்சிரும் ஆன்ட்டி. அப்றம் நானும் உங்கள மாதிரி சீக்கிரம் ரிட்டையர் ஆயிருவேன்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். கடன் தீர்ந்துவிடும் என்று நான் மகிழ்ந்திருந்தேன். அது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகிறது என்பது அவள் சிரித்தபோதுதான் உறைத்தது. முப்பத்தைந்து வருடத்துக்கு முன் ஆவடியில் ரயில் ஏறிக் கல்லூரிக்குப் போன என் முகமும் இப்படித்தான், எதையும் கட்டி முடித்துவிடலாம் என்பது போல, இருந்திருக்க வேண்டும்.

பூந்தமல்லி பதிவு அலுவலகத்துக்கு எல்லோரும் போனோம். வசந்தா பட்டுப்புடவை கட்டியிருந்தார். பத்திரம் எழுதுபவர் என் வெளிநாட்டு முகவரியைத் தட்டெழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"இண்டியா அட்ரஸ் ஒண்ணு ஓணும் மேடம். பின்னாடி வரி ஆபீஸ் லெட்டர் எதுனா வந்தா?"

அண்ணன் அடுத்த மாதம் குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறான். எங்கே போவதென்று இன்னும் முடிவாகவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே முகவரி, நான் விற்றுக்கொண்டிருந்த வீட்டினுடையது.

"நம்ம ஊட்டு அட்ரஸே போட்டுக்கோங்க சார்" என்றார் தனபால்.

நம்ம ஊடு என்று எதையும் யோசிக்காமல்தான் சொன்னார். எழுதுபவர் ஒன்றும் கேட்காமல் தட்டினார். காகிதம் வெளியே வந்தது. வாங்குபவர் பெயருக்குக் கீழே கதவு எண் பதினொன்று. விற்பவரான என் பெயருக்குக் கீழே, 'கேர் ஆஃப்' என்பதற்குத் தமிழில், 'மே/பா தனபால்' என்றும், அதன் கீழே அதே கதவு எண் பதினொன்றும் இருந்தன. பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டேன்.